எண்ணுக்குப் பெயர் போடவில்லை

என் தங்கைக்கு அடுப்பை அணைக்க வராது. பற்றவைப்பாள், பாலை வைப்பாள், படம் வரைய உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் பாலாவது, அடுப்பாவது. நான்தான் ஓடுவேன். அம்மா அப்பா போனபிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அப்படிப்பட்டவள் வேறு ஊரில் வேலை தேடுகிறேன் என்றால், அக்கா என்று ஒருத்தி சும்மா இருக்க முடியுமா?

படம் நன்றாகவே வரைவாள். குழந்தைகள் புத்தகம் போடும் நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பப்போவதாகச் சொன்னாள். அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வீட்டுக்கும் ஒன்று அமைத்து, அவள் பெயரிலேயே முகவரி போட்டுக் கொடுத்தேன். துள்ளிக் குதித்தாள்.

ஒரே ஒரு வேலையை மட்டும் விட்டுவைத்தேன். கடிதம் போய்ச் சேரும் இடத்து சர்வர் இருக்கிறதே, அது வாசல் காவலாளி மாதிரி. ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் ஓர் எண் உண்டு; 'இந்த எண்ணிலிருந்து வருகிறாயே, இது யாருடைய எண்?' என்று விசாரிக்கும். எண்ணுக்குரிய பெயர் பதிவாகியிருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால் வாசலோடு சரி. இந்தப் பதிவைத்தான் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்போம். இணைய இணைப்பு கொடுத்தவரிடம் சொன்னால் பதிந்துவிடுவார்.

அவரே ஒருநாள் கூப்பிட்டார். "மேடம், உங்க நம்பருக்குப் பேரே போடலையே. மெயிலெல்லாம் திரும்பி வருமே. போட்டுடட்டுமா?"

"இருக்கட்டும் சார். இப்ப என்ன அவசரம்?"

மெயில் திரும்பிவிட்டது என்று வரும் அறிவிப்புகளை அவள் கண்ணில் படுவதற்குள் அழித்துவிடுவேன். பிள்ளை மனசு நோகக் கூடாதல்லவா.

பதிலுக்குக் காத்துக் காத்து முகம் வாடிப்போனாள். "என் படம் அவ்ளோ மட்டமாவாக்கா இருக்கு?"

"மட்டம்னு எவடி சொன்னா? நாலு பேர் கண்ணுல பட்டாத்தானே சொல்லுவாங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

போன மாதம் தூரிகை, வண்ணம் எல்லாவற்றையும் எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவளை என் அலுவலகத்திலேயே வரவேற்பில் சேர்த்துவிட்டேன். ஒன்றாகப் போகிறோம், ஒன்றாக வருகிறோம். முன்பு வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கேட்டால்தான் பதில். வரவேற்பு வேலைக்கு அந்த அடக்கம் நல்லதுதான்.

நேற்று சாப்பிடும்போது சொன்னாள்: "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோக்கா."

அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன். நல்லவேளை, நான் இருந்தேன்.