மாதிரிக்கு ஒரு பதிவு

மணி பன்னிரண்டு. ராத்திரி இல்லை, உச்சி வெயில். குளச்சலுக்கு மேற்கே கடலோரச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று நினைத்துத் தைரியமாகக் கால் நீட்டியிருப்பவர்கள் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டமும் நடையுமாக அந்தச் சாலையில் வந்தவள் பிரிஜா. என் நண்பன் சிஜோவின் சித்தி மகள். திருநெல்வேலியில் வரலாற்று ஆராய்ச்சி. ஊர் மாதா கோயிலின் நூறு வருடச் சாவுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பேரைத் தட்டினால் விவரம் வருகிற மாதிரி இணையதளம் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் முன்பு, தளம் வேலை செய்கிறதா என்று பார்க்க மாதிரிக்கு ஒரு பதிவு போட்டாள். சட்டென்று நினைவில் வந்தது அப்பா பேர். மரியஜான். தேதி இல்லாமல் தளம் ஏற்காது. நிஜப் பதிவுகளோடு கலந்துவிடக் கூடாதே என்று இன்னும் வராத தேதியாகப் பார்த்துப் போட்டாள். 2012 மார்ச் 9. பிறகு அழிக்க மறந்துவிட்டாள். படித்த பிள்ளைதான்... என்ன செய்ய?

அன்று பஸ் டிக்கெட்டில் தேதியைப் பார்த்தாள். மார்ச் 9. மடியிலேயே கணினியைத் திறந்து பதிவை அழித்தாள். மறுபடி வந்தது. அழித்தாள்... வந்தது. அப்பா விடியுமுன்னே தனியாகக் கட்டுமரத்தில் போனவர். போன் கிடைக்கவில்லை.

பாதிச் சாலையில் கோயில் மணி கேட்டது. ஒன்று... வெகுநேரம் கழித்து... இன்னொன்று. சாவு மணி. வீட்டு ஆள் நேரில் வந்து சொல்லாமல் எங்கள் கோயில்பிள்ளை ததேயுஸ் மணிக்கயிற்றைத் தொடமாட்டார்.

பிரிஜா கோயிலுக்குள் ஓடினாள். அவர் அழுதுகொண்டே இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா... ஆருக்காக்கும் மணி?"

"என்னட்டி கேக்க? நீதான இப்பம் வந்து சொல்லீட்டுப் போன... அப்பா போயிட்டாருன்னு."

"நான் இப்பம்தான் மாமா பஸ்ஸ விட்டு இறங்கி வாறேன்!"

அவர் மேசையைக் காட்டினார். உருகிய மெழுகு வாடை. பதிவேடு திறந்திருந்தது. கடைசி வரியில் மரியஜான். தகவல் சொன்னவர் இடத்தில் பிரிஜாவின் கையெழுத்து. மை காயவில்லை.

பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். காகிதம் கிழிகிற மட்டும் அடித்தாள். கோடு விழவில்லை. பாவம், அந்தப் பிள்ளை வேறு என்னதான் செய்வாள்?

மூன்று மணிக்குக் கட்டுமரம் அலையோடு வந்து மணலில் தட்டியது. வலை இருந்தது. மனிதர் இல்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தவர்கள் கடலில் எதிரே வந்த வள்ளக்காரர்கள். மத்தியானம், கரை தெரிகிற தூரம். ஆள் நன்றாகத்தான் இருந்தாராம். மணிச் சத்தம் கேட்டதும் துடுப்பை நிறுத்தினார்... நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்...

"பாவம், ஆரு போனா மக்கா?" என்று கேட்டாராம்.