காய ஒரு நாள் ஆகும்

உங்கள் மேசையின் ஓரத்தில் மேல்தகடு பிரிந்து நிற்கிறது, சார். அதற்கு ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். யாரோ செல்லோடேப் போட்டிருக்கிறார்கள். செல்லோடேப் போடுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் நம்பிக்கையில் வாழ்கிறவர்கள்.

ஏணியைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

ஆறு வருடமாக ஹார்டுவேர் கடையில் பசைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் மூன்று அலமாரியும் நானும். வேதியியலில் முதுகலை படித்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நல்லா ஒட்டுற மாதிரி ஒண்ணு குடுங்க." எதை எதோடு ஒட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஒரு பள்ளி ஆசிரியை தெர்மாகோல் கோள்களை ஒட்ட ரப்பர் பசை கேட்டார். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்றேன். "எங்களுக்கும் தெரியும் தம்பி" என்று வாங்கிப் போனார். மறுநாள் வியாழன் கிரகம் இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்ததாம். என்னைத்தான் திட்டினார்.

மரத்துக்கும் காகிதத்துக்கும் வெள்ளைப் பசை. நனையாத இடமாக இருக்க வேண்டும், தண்ணீர் பட்டால் அது இளகிவிடும். மரத்தைச் சிமெண்டோடு சேர்க்க இரண்டு டியூப் பசை. சம அளவு கலந்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். உடைந்த கோப்பைக் காதுக்கு நொடியில் பிடிக்கும் அவசரப் பசை, ஒரு சொட்டு. அவ்வளவுதான் என் படிப்பு.

என் மனைவியின் அண்ணன் கீழ்வீட்டில் இருந்தார். கொரியர் கம்பெனியில் வேலை. அவருக்கு எல்லாவற்றுக்கும் அவசரப் பசைதான். சின்ன டியூபைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். செருப்பு, குடைக்கம்பி, ரிமோட் மூடி, ஒருமுறை தன் ஆள்காட்டி விரலும் மூக்குக் கண்ணாடியும்.

"ஒரு சொட்டு போதும் மாப்ள. நீங்க என்னமோ கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி காயப்போடுறீங்க."

"மச்சான், அது அதுக்கு ஒரு பசை இருக்கு."

"டிகிரி படிச்சுட்டுப் பசை விக்கிறவருக்குப் பொறாமை" என்பார் தங்கையிடம். அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நன்றாகச் சிரிக்கக்கூடியவள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்.

மொட்டை மாடிக்குப் போகும் சிமெண்ட் படிகளின் மேல்முனையில் கைப்பிடியைத் தாங்கும் மரக்கால் ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரு சொட்டு விட்டார். பத்து நாளில் திரும்பவும் ஆடியது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பகலில், உலர்த்திய துணிகளை இடுப்பில் அணைத்தபடி அவள் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்தாள். மரக்கால் அடியோடு பெயர்ந்துவிட்டது. பதினான்கு படிகள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு மச்சான் என் காலடியில் உட்கார்ந்தார். "நான் ஒட்டுனது மாப்ள. என் கையால ஒட்டுனது. நானே என் தங்கச்சியக் கொன்னுட்டேன்." சட்டைப் பையிலிருந்த டியூபை எடுத்துத் தரையில் வைத்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. எதையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறீர்கள். துக்க வீட்டில் யார் என்ன பேச முடியும்.

அதன் பிறகு அவர் மாறிவிட்டார். கோப்பை உடைந்தால்கூட மேலே எடுத்து வருவார். "இதுக்கு எது மாப்ள?" நான் சொல்வேன். குறித்துக்கொள்வார். ஆறு வருடத்தில் என் பேச்சை முழுதாகக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அந்த ஐந்து மாதமும் எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

பிறகு ஒரு நாள் ஏணியைத் தூக்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் நிற்கும் மர ஏணி. அதில் ஏறித்தான் அங்கே உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார். மேலிருந்து இரண்டாவது படி கழன்றிருந்தது.

"ஆணி அடிச்சுடட்டுமா மாப்ள?"

"அடிச்சா மரம் பிளந்துடும் மச்சான். வச்சுட்டுப் போங்க."

வெள்ளைப் பசை போட்டேன். ஆமாம், வெட்டவெளியில் நிற்கும் ஏணிக்கு. எந்த இடத்துக்கு எது கூடாது என்று இந்த ஊரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். வழிந்ததைத் துணியால் துடைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, நேர்த்தியாகச் செய்தேன். ஒரு நாள் காயட்டும் என்றேன். அவர் இரண்டு நாள் காயவிட்டார். அவ்வளவு திருந்தியிருந்தார். ஒரு வாரம் தாங்கியது. பிறகு மூன்று நாள் மழை. மழை விட்ட காலையில் தொட்டியில் இலை விழுந்திருக்கிறது என்று ஏறினார். நான் ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை இருந்தது. கூப்பிடுவதற்கு முதலில் துப்ப வேண்டும்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். என் மனைவிக்காக. அவசர வேலை ஒரு உயிரை எடுத்தது. அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

அந்த மரக்காலை நீங்கள் மேசை மேல் வைத்திருப்பதை உள்ளே வரும்போதே பார்த்தேன். மச்சானின் கட்டிலுக்கடியில் கிடைத்திருக்கும். அதை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஏணியைக் கொண்டுவந்த அன்றைக்கு அதையும் கொண்டுவந்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இது என்ன மாப்ள, சாம்பல் நிறத்துல அப்பி இருக்கு? என் பசை கண்ணாடி மாதிரில்ல இருக்கும்?"

குற்றம் சொல்லவில்லை. பாடம் கேட்கும் குரல்தான். இனி எல்லாவற்றையும் கேட்பார். குறித்துக்கொள்வார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மரக்காலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு டியூப் பசைதான், சார். காய்ந்தால் சாம்பல் நிறம். அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மச்சானின் சொட்டைச் சுரண்டிவிட்டு நான்தான் போட்டேன். தேர்வில் தவறில்லை. மரம், சிமெண்ட், சம அளவு. நீங்கள் எந்த நிபுணரிடமும் கேட்கலாம்.

பதினோரு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து அவள் கேட்டாள். "காஞ்சுடுச்சா? பிடிச்சுக்கலாமா?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

ஒரு நாள் காயவிட வேண்டும் என்று அட்டைப்பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பெட்டியைப் படியோரத்திலேயே, அவள் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அதைப் படிக்காதது நான் இல்லை.