நல்ல இருமல்

எனக்கு டீ சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போன டீயைக் குடிக்கிறவனை நான் நம்புவதில்லை. சூடாகக் குடிக்கிறவனையும் அவ்வளவாக நம்புவதில்லை, அது வேறு விஷயம். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கிற வேலப்பன் கடவுளே வந்தாலும் ரேஷன் கார்டு கேட்பான் என்று கீழே டீக்கடையில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்டவனைத்தான் ஒருத்தி முழுசாக நம்பினாள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் எழில்மொழி காலேஜில் சரித்திரம் படித்தவள். லாரித் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்த வருஷம், அவளுக்கு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. செலவெல்லாம் அவர்களுடையது. என்ன படிப்பு என்று கேட்டேன். மருத்துவ வரலாறு என்றாள்.

"டாக்டராயிடுவியா?"

"இல்ல நைனா."

"நர்சு?"

"அதுவும் இல்ல. அந்தக் காலத்துல நோயாளிங்க இன்னா பட்டாங்க, டாக்டருங்க அவங்கள எப்டி நடத்துனாங்க, அத்தப் படிக்கிறது."

அதாவது, சளி பிடித்தால் மருந்து என்னவென்று தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாருக்குச் சளி பிடித்தது என்று தெரியும். இதற்காகக் கடல் தாண்டிப் போக வேண்டும். நான் காலமெல்லாம் ஹார்பரில் கரி இறக்கியவன். எத்தனையோ கப்பல் கிளம்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எதுவும் நம்மை நினைத்துக்கொண்டு திரும்பி வருவதில்லை. இவளும் போனால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் கிளாஸோடு நின்றவனுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் சீக்கிரம் தெரியும்.

கிளம்புகிறவரை அந்தப் படிப்புக்குப் பழகிக்கொள்வதற்காக அவள் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். என்னோடு கரி இறக்கிய கிழவர்களை உட்காரவைத்து, உடம்புக்கு வந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தாள்.

"எக்ஸ்ரேல தெரியாதது அவங்க வாயில தெரியும், நைனா. நோயாளி சொல்றத மொதல்ல நம்பணும். அதான் எங்க படிப்பு."

நம்புவதற்கென்று ஒரு படிப்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் எனக்கு இருமல் வந்தது.

சும்மா வந்துவிடவில்லை. உழைத்தேன். டீக்கடையில் கமாலுதீன் இருப்பான். என்னோடு வேலை பார்த்தவன், நிஜமாகவே நெஞ்சு கெட்டுப்போனவன். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். முதலில் தோள் இரண்டும் ஏறும். பிறகு கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் உள்ளேயிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும்.

"இன்னா மாமு, மொறச்சிகினே கீறே?"

"நல்லா இருமுற."

"வோணும்னா நீயே வெச்சிக்க. எனுக்கு பேஜாரா கீது."

வைத்துக்கொண்டேன். விசில் மட்டும் வரவில்லை.

எழில் என்னை டாக்டர் சங்கரநாராயணனிடம் அழைத்துப்போனாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பெரியவரே, உங்க நுரையீரல் வாலிபப் பையனோடது மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல, போங்க" என்றார். கெட்டிக்கார டாக்டர். என் மகள் அவரோடு சண்டை போட்டாள். "படத்தப் பாத்தீங்க சார். அவரு சொல்றத ஒரு வார்த்த கேட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து அவளே கேட்டாள். எங்கே வலிக்கிறது, எப்படி ஆரம்பிக்கிறது, அப்போது மனசில் என்ன ஓடுகிறது. இல்லாத வலிக்கு இடம் தேடுவது லேசான வேலை இல்லை. வயிற்றில் வைத்தால் கஞ்சிதான் கிடைக்கும். காலில் வைத்தால் டீக்கடைக்குப் போக முடியாது. நெஞ்சிலேயே வைத்தேன். என் ஆயுசில் யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. மேஸ்திரி பெயரைக்கூடக் கேட்காமல் வேலை வாங்கியவன். நான் பேசப் பேச ரெக்கார்டருக்குள் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடலாமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு இருமினேன்.

என் மனைவி கெங்கம்மா மட்டும் நம்பவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்றுவிட்டு வருவாள். தண்ணீர் லாரி மத்தியானம் வரும். எழில் அந்நேரம் கிழவர்களைத் தேடி வெளியே போயிருப்பாள். நெஞ்சு நோயாளி குடம் தூக்கலாமா? கெங்கம்மாதான் மூன்று மாடியும் தூக்கினாள்.

"யோவ், ஒரு கொடமாவது புடியேன்யா."

"டாக்டரு இன்னா சொன்னாரு, மறந்துட்டியா?"

"ஒண்ணுமில்லன்னாரு. மறக்கல."

அவ்வளவுதான். மகளிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெற்ற பெண்ணிடம் அப்பனைப் பொய்யன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு நாள் எழில் ரெக்கார்டரை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். "உனக்கும் எதுனா சொல்லணும்னா, யாரும் இல்லாதப்ப இதுல பேசு மா" என்று அம்மாவுக்குப் பட்டனெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, கெங்கம்மா சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று ஏதோ முணுமுணுத்தாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் எழுந்து போட்டுக் கேட்டேன்.

"எழிலு, மூஞ்சப் பாத்து சொல்ல முடியல. இத்தக் கேட்டு நீ போவாம நின்னுடாத. கொடத்தத் தூக்கினு படி ஏறச்சொல்லோ நெஞ்ச அட்ச்சிக்குது. எடது கை மரத்துப்பூடுது. ரெண்டாம் மாடியாண்ட குந்திடறேன். நீ ஊரு போய்ச் சேந்தப்பறம் காட்டிக்கலாமா, இல்ல இப்பவே காட்டணுமா, யாராண்டயாவது கேட்டு சொல்லு. நைனாவாண்ட சொல்லாத."

எதையும் சந்தேகப்படுகிறவன் நான். அதைச் சந்தேகப்படவில்லை. கேட்டதுமே நிஜம் என்று தெரிந்தது. நான் சொன்னதையெல்லாம்விட நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் இதைக் கேட்டால் போகாமல் நின்றுவிடுவாள், நீ விரும்பியதும் அதுதானே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். நிற்பாள்தான். ஆனால் அம்மாவுக்காக நிற்பாள். என் எதிரில் போட்டிருக்கிற ஸ்டூல் அந்தப் பக்கம் போய்விடும். குடத்தையும் நான்தான் தூக்க வேண்டியிருக்கும்.

கேசட்டைப் பின்னால் ஓட்டி, பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அழுத்தினேன். அவள் பேசிய நேரம் முழுக்க இருமினேன். அன்றைக்குத்தான் விசில் வந்தது.

மறுநாள் லாரி வந்தது. கெங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "பாத்து ஏறு" என்று கட்டிலிலிருந்தே சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன். அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் கீழ்வீட்டு ரேகா கத்துகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கெங்கம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குடம் பக்கத்தில் நேராக நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எழில் அம்மாவின் குரல் எங்காவது இருக்கிறதா என்று கேசட்டுகளைப் போட்டுத் தேடினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அன்றைக்குக் கேசட்டை முழுசாகப் பின்னால் ஓட்டவில்லை போலிருக்கிறது. "எழிலு, மூஞ்சப் பாத்து சொல்ல முடியல" என்று கெங்கம்மா சொன்னாள். அதற்குப் பிறகு நான் இருமினேன். எழில் திரும்ப ஓட்டினாள். திரும்பவும் கெங்கம்மா சொன்னாள், நான் இருமினேன். எத்தனை தடவை ஓட்டினாள் என்று தெரியாது. பிறகு சத்தம் நின்றது. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஊர்க் கிழவர்களையெல்லாம் துருவித் துருவிக் கேட்டவள், என்னை ஒன்றும் கேட்கவில்லை.

தள்ளிப்போட யோசித்த பயணத்தைத் தள்ளிப்போடவில்லை. முதலில் குறித்த நாளிலேயே கிளம்பினாள். கேசட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். படிப்பு முடிகிற காலமும் தாண்டிவிட்டது, வரவில்லை. நான்தான் அப்போதே சொன்னேனே.

"இன்னா மாமு, இருமலக் காணோம்?" என்று கமாலுதீன் கேட்டான்.

"உனுக்கே திருப்பிக் குட்த்துட்டேன்டா" என்றேன். அவன் சிரிக்கப் போய், இருமி, டீயைச் சிந்தினான்.

இப்போது குடத்தை நானே தூக்குகிறேன். மூச்சு வாங்குவதில்லை. டாக்டர் சொன்னது சரிதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் நிற்பேன், அது களைப்பால் இல்லை.

கெங்கம்மாவுக்கு நெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழித்தேன். தெரிந்துதான் மறுநாளும் குடத்தோடு அனுப்பினேன். எழில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், அவள்தான் கேட்கவில்லை. நோயாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று படிக்கத்தானே அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். படித்துவிட்டு வரட்டும், சொல்கிறேன்.