நோவு அவளுக்கு, அவளிடம் சொல்லுங்கள்

தணிகை மலையின் தாள் பணிந்து, தாய்த் தமிழின் தோள் பற்றித் தொடங்குகிறேன். பிள்ளைகளுக்கு எழுத்தும் பெண்களுக்குத் துணிவும் கற்பித்து, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கௌரியம்மாள் அவர்களே! ஊர் மதிக்கும் உத்தமர் துளசிங்கம் ஐயா அவர்களே! பள்ளிப்பட்டிலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் பேருந்து நெரிசலில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்களை அழைத்துவந்த ஆண்மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் கயல்விழி. எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. என் இடது மார்பு இன்று இல்லை. ஏன் தாய்மார்களே, ஏன் தலை குனிகிறீர்கள்? இழந்த நானே நிமிர்ந்து நிற்கிறேனே! நோயின் பெயரைச் சொல்ல நா கூசுகிறது நமக்கு. "அந்த எடத்துல கட்டி" என்று முந்தானைக்குள் முணுமுணுக்கிறோம். முணுமுணுத்து முணுமுணுத்தே எத்தனை பேரைப் பறிகொடுத்தோம்!

என் அண்ணி அனுராதாவைப் பறிகொடுத்த கதையைச் சொல்லவே இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன். அவள் கணவர், என் அண்ணன் தணிகைவேல், இதோ இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறார். "சொல்லட்டுமா அண்ணா?" என்று காலையில் கேட்டேன். "சொல்லும்மா. ஒண்ணு உடாம சொல்லு" என்றார். அந்த ஒப்புதலோடு சொல்கிறேன்.

பள்ளிப்பட்டில் எங்களுக்கு விசைத்தறி. நாலு தறி சேர்ந்து போடும் சத்தத்துக்கும் மேலே கேட்கும் என் அண்ணியின் சிரிப்பு. அப்படிப்பட்டவளுக்குக் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்காமல் வளர்வதுதானே இந்த நோயின் வஞ்சகம்! சில மாதம் கழித்துத்தான் அண்ணனிடம் சொன்னாள். அவர் பதறிப்போய்ச் சென்னைக்கு அழைத்துப் போனார்.

சோதனை முடிவு வந்த அன்று அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நோயாளி வெளியே, நாற்காலியில்! மருத்துவர் விவரமாகத்தான் சொன்னார். கட்டி சிறியது; கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மார்பைக் காப்பாற்றி, கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது மார்பு முழுவதையும் எடுக்கலாம். இரண்டிலும் உயிருக்கு ஏறக்குறைய ஒரே அளவு பாதுகாப்பு. எது வேண்டும் என்றார். யாருடைய உடம்பு? யாரிடம் கேள்வி? "எல்லாத்தையும் எடுத்துடுங்க சார், அவ பொழைச்சா போதும்" என்றார் அண்ணன். பயத்தில் சொன்னார், பாசத்தில் சொன்னார். வெளியே வந்து அண்ணியிடம், "சின்ன ஆபரேசன்தான். கட்டிய எடுத்துட்டா சரியாப்பூடும்" என்றார். அவளும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை முடிந்து கண் விழித்தவள் கட்டின் மேல் கை வைத்துத் தடவிப் பார்த்தாள். "எங்க?" என்றாள்.

அதோடு முடிந்ததா? இல்லையே! நோய் திரும்பாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு, விடாமல் விழுங்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் அவளிடம் என்ன சொன்னார்? "சத்து மாத்திரை." புற்று என்ற சொல் அவள் காதில் விழக்கூடாதாம்! மாத்திரையால் உடம்பு அனலாகக் கொதித்தது, மூட்டெல்லாம் வலித்தது. "சத்து மாத்திரை தின்னா ஒடம்பு எரியுமா? இந்தச் சத்தே வேணாம்" என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

பிறகு முதுகு வலித்தது. தறி வேலை என்று நினைத்தோம். நோய் முதுகெலும்பில் குடியேறியிருந்தது. "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். "எது சார், அந்தச் சத்து மாத்திரையா?" என்றாள் அண்ணி. மருத்துவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் கேட்டாள். "ஒனக்குத் தெரியும் மாமா. டாக்டருக்குத் தெரியும். சொந்தக்காரங்களுக்கெல்லாம் தெரியும். என் ஒடம்பு சங்கதி எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?" ஊர் வரும்வரை அண்ணன் அழுதுகொண்டே வந்தார்.

ஆங், பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார், "சொன்னா பயந்துடுவாளேம்மா?" நியாயமான கேள்வி, நைனா. பயப்படுவாள். பயந்துகொண்டே மாத்திரையை விழுங்கியிருப்பாளே! உடம்பு எரிந்தால் மருத்துவரிடம் போய் வேறு மருந்து கேட்டிருப்பாளே! பிழைத்திருப்பாளா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எதிரி யாரென்று தெரிந்து எதிர்த்திருப்பாள். அந்த உரிமையைக்கூட நாம் கொடுக்கவில்லையே!

அந்தத் துக்கத்தின் நடுவில்தான் எனக்கும் கட்டி வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார முடியாத நிலையிலும், அண்ணி என்னோடு சென்னைக்கு வந்தாள். மருத்துவர் ஓர் இளம்பெண். என் கணவர் முரளிதரனைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அண்ணி குறுக்கிட்டாள். "யம்மா, நோவு அவளுக்கு. அவளாண்ட சொல்லுங்க. புரியற மாதிரி சொல்லுங்க."

அந்த மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்குக் கட்டி ஒன்றுக்கு மேல் இருந்தது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்க்கலாம், ஆனாலும் மார்பைக் காப்பது கடினம் என்றார். முழுவதும் எடுக்கலாம், விரும்பினால் பிறகு புது மார்பு அமைக்கலாம் என்றார். ஒவ்வொரு வழியிலும் என்ன வலி, என்ன அலைச்சல், என்ன ஆபத்து என்று நான் கேட்டேன். இன்னொரு மருத்துவரிடமும் போய்க் கேட்டேன். முழுவதும் எடுக்கச் சொன்னேன். நானே சொன்னேன்! அண்ணிக்கு நடந்த அதே அறுவைதான். கண் விழித்ததும் அழுதேன், ஆனால் "எங்க?" என்று கேட்கவில்லை.

தாய்மார்களே, கேளுங்கள்! என் நோய்க்கு என்ன பெயர், எவ்வளவு முற்றியிருக்கிறது, எத்தனை வழி இருக்கிறது, இந்த மாத்திரை எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்மக்களே, உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பால் அவள் காதை மூடாதீர்கள்.

கடைசியில் அண்ணியிடமே உண்மையைச் சொன்னார் அந்த இளம் மருத்துவர். இன்னொரு சுற்று மருந்து ஏற்றினால் சில மாதம் கூடலாம். வாந்தியும் சோர்வும் வரும். வேண்டாமென்றால், வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். "நோவு போவுமாம்மா?" என்று அண்ணி கேட்டாள். "போகாதும்மா" என்றார் மருத்துவர். அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப ஊட்டுக்குப் போலாம் மாமா. பசங்களப் பாத்துகினு இருக்கேன்" என்றாள்.

ஆடி மாதம், மலைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்த வேளையில், அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் உடம்பைப் பற்றி, உண்மை தெரிந்து அவளே எடுத்த முதல் முடிவு அந்த ஒன்றுதான். கடைசி முடிவும் அதுதான்.

கலங்கிய கண்களோடும் கலையாத அமைதியோடும் கேட்டிருந்த உங்களுக்கு என் நன்றி. துயரத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் என் அண்ணனுக்கு என் நன்றி. நலமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.