சிவப்புப் பென்சில்

— கழட்டுங்க அந்தப் படத்தை! இல்லேன்னா ஆணியோட பிடுங்கிடுவேன், தெத்சுரோ!

— மெதுவா, மிசாவோ. கீழ நூடுல்ஸ் கடைக்காரருக்குக் கேக்கப் போகுது. அரை மணியில கண்காட்சிக்கு ஆளுங்க வந்துடுவாங்க.

— வரட்டுமே! பொண்டாட்டி மூக்கு ஒழுக அழுறதைக் கதவளவுக்குப் பெரிசாக்கி மாட்டலாம், அவ கத்தினா மட்டும் மானம் போகுதோ?

— இங்க பாரு, இருக்கிற இருபது படத்துல உயிருள்ளது இது ஒண்ணுதான். உங்கம்மா செத்து நாப்பத்தொம்பதாம் நாள் சடங்கு. பிக்கு ஓதி முடிச்சுக் கிளம்பிட்டார். நீ கறுப்புக் கிமோனோவோட தரையில கிடந்து, போன அம்மாவைப் பாத்துக் கை நீட்டுற. நேத்து ஒரு பெரியவர் இது முன்னால நின்னு அழுதார், தெரியுமா?

— அவர் அழட்டும். நமக்குள்ள என்ன பேச்சு? ‘பிலிம் சுருளைக் கழுவினதும் எல்லாப் படத்தையும் பொடிசு பொடிசா ஒரே தாள்ல போட்டுக் காட்டுறேன், நீ சிவப்புப் பென்சில்ல கோடு போட்டு அடிச்ச படம் வெளிய போகாது’ன்னு சொன்னது யாரு?

— நான்தான். ஆனா...

— என்ன ஆனா?

— நீ வெக்கத்துல அடிச்சிருப்பன்னு நெனச்சேன். இங்க பாரு, இவ்வளவு நெருக்கத்துல உன்னை வேற யாரால எடுக்க முடியும்?

— நெருக்கமா! ஒன்றரை மணி நேரம் மண்டியிட்டு உக்காந்து ரெண்டு காலும் மரத்துப் போச்சு. எழுந்து திரும்பினேன், கணுக்கால் மடங்கி விழுந்தேன். உயிர் போற வலி. அம்மா படம் எனக்குப் பின்னாடி இருந்துச்சு, ஐயா. முன்னாடி இருந்தது யாரு?

— ...நான்.

— உங்ககிட்டதான் நீட்டினேன். தூக்கிவிடுவீங்கன்னு.

— சத்தியமா எனக்குத் தோணவே இல்ல, மிசாவோ. ஒரு நொடிதானே...

— ஒரு நொடியா? இந்தாங்க உங்க தாள். எண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால பிலிமைத் தள்ளித் தள்ளி எடுத்திருக்கீங்க. வாய்விட்டு எண்ணுங்க!

— ...ஒம்பது, பத்து, பதினொண்ணு.

— பதினொண்ணுலயும் கை நீட்டினபடியே இருக்கு. பதினொண்ணையும் அடிச்சேன். அடுத்ததைப் பாருங்க.

— சுவரைப் பிடிச்சு... நீயே எழுந்து நிக்கிற. இதுல சிவப்புக் கோடு இல்லையே?

— அதை மாட்டிக்கோங்க. நீங்க என்னை எடுத்த கடைசிப் படம் அதுதான்.