1204 பிப்ரவரியும் சொலாஞ்ச் கெனெலும்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆவணக் காப்பாளர் பெர்த்ரான் லெமெத்ர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், சொலாஞ்சின் கணவர் ரெமி கெனெல் அவர்களே, எவ்ரோவிலிருந்தும் தியெப்பிலிருந்தும் இந்த மழையில் ருவானுக்கு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, மாணவர்களே!

பேராசிரியர் சொலாஞ்ச் கெனெல் மறைந்துவிட்டார். பிரான்ஸ் எப்படி ஒரே நாடானது என்று கேட்டால் ஒரு வாய்ப்பாட்டை ஒப்பித்த காலம் இருந்தது. இந்தப் போர், அந்தத் திருமணம், வாரிசில்லாமல் செத்த இன்னொரு பிரபு. அந்த வாய்ப்பாட்டை உடைத்தவர் யார்? சொலாஞ்ச்! பாரிஸிலிருந்து ஓர்லெயான் போகும் வழியில் ஒரு கோட்டைக்காரன் நினைத்தால் அரசரையே மறித்துவிடலாம் என்றிருந்த சின்ன அரசு, இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய நாடாக எப்படி வளர்ந்தது? வாளால் மட்டும் அல்ல என்று சொன்னவர் யார்? சொலாஞ்ச்! சாதாரண மக்கள் தங்கள் பிரபுவின் மேல் வழக்குப் போட அரசரின் வாசலைத் தேடிப் போனார்கள், அரசர் கேட்டார், தீர்ப்புக்கு முத்திரை வைத்தார், வழக்குகள் நடந்து நடந்து தேய்ந்த பாதையில்தான் நாடு உருவானது என்று நமக்குக் காட்டியவர் அவர்.

பதினெட்டு ஆண்டுகள் இந்தக் காப்பகத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு ஆண்டுகளும் அவர்மேல் பொறாமைப்பட்டேன். அவர் போன பிறகு இதைச் சொல்வதில் வீரம் ஒன்றும் இல்லை. அவருக்கே தெரியும்.

பொறாமைப்படாமல் எப்படி இருப்பது? ஒரு கிராமத்து மேயரிடம் பழைய பெட்டி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்று மூன்று கடிதம் எழுதினேன். படிவம் அனுப்பினார். நேரில் போனேன். “பேராசிரியரம்மா வரலையா? அவங்களுக்குன்னு ஆப்பிள் டார்ட் செஞ்சு வச்சேனே” என்றார். பெட்டியும் திறக்கவில்லை, டார்ட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சொலாஞ்ச் போனார். மேயர் பெட்டியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்.

அந்தப் பெட்டியில் இருந்ததுதான் நீங்கள் எல்லோரும் படித்த ஓட்மார்வில் சாசனம்.

காட்டில் பன்றி மேய்க்கும் உரிமைக்காக நார்மண்டியின் ஓட்மார்வில் கிராமத்து மக்கள் தங்கள் பிரபுவின் மேல் போட்ட வழக்கு. தீர்ப்புச் சொன்னவர் பிரான்ஸின் பிலிப் மன்னர். தேதி, 1204 பிப்ரவரி. அதுவரை இங்கிலாந்து அரசர் கையில் இருந்த நார்மண்டியின் தலைநகரான நம் ருவான், அந்த ஆண்டு ஜூனில்தான் பிலிப் மன்னருக்குப் பணிந்தது. அப்படியானால் நார்மண்டியை அவர் பிடிப்பதற்கு நான்கு மாதம் முன்பே நார்மண்டி மக்கள் அவரைத் தேடிப் போய்விட்டார்கள்! வாளுக்கு முன்னால் வழக்கு! இந்த ஒரு ஏட்டால்தான் சொலாஞ்சின் புத்தகம் புகழ்பெற்றது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு தவறைக் கண்டுபிடித்தேன்.

மன்னரின் எழுத்தர்களுக்கு ஆண்டு பிறப்பது ஜனவரியில் அல்ல, ஈஸ்டரில். அவர்கள் பிப்ரவரியில் 1204 என்று எழுதினால் நம் கணக்குக்கு அது 1205. இது சொலாஞ்சுக்குத் தெரியாதா? நமக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் அந்த ஏட்டை எழுதியவர் உள்ளூர் மடத்துத் துறவி என்று நினைத்தார். அந்த மடத்தில் ஆண்டு கிறிஸ்துமஸில் பிறக்கும். அதனால் ஆண்டை மாற்றாமல் விட்டார். ஒன்றும் தெரியாதவர் செய்யும் தவறல்ல இது, எல்லாம் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மன்னரின் பாரிஸ் எழுத்தர் ஒருவர் எழுதிய வேறொரு சாசனத்தில் அதே கையெழுத்தை நான் பார்த்தேன். ஆக, அந்த வழக்கு நடந்தது ருவான் வீழ்ந்து எட்டு மாதம் கழித்து.

அன்று ஒரு புட்டி சைடர், நம் ஊர் ஆப்பிள் மது, வாங்கித் தனியாகக் குடித்தேன். பதினோரு நாள் கழித்து, இரண்டு சாசனங்களின் பிரதிகளோடு கேன்டீனில் அவர் எதிரே போய் நின்றேன்.

“உக்காரு ஆர்மெல். மூஞ்சியப் பாத்தா யாரையோ கொன்னுட்டு வந்த மாதிரி இருக்கே.”

“இன்னும் கொல்லல மேடம். இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன்.”

பிரதிகளை வைத்தேன். பாலாடைக்கட்டித் தட்டைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அடிப்பாவி! இது பாரிஸ்காரன் கையி. எத்தன நாளா வச்சிருக்க?”

“பதினோரு நாளா.”

“தூங்கியிருக்க மாட்டியே?”

“நல்லாத் தூங்கினேன்.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “எழுது. நீயே எழுது. தலைப்புலயே என் பேரப் போடு, அப்பத்தான் நாலு பேர் படிப்பாங்க.”

நான் எழுதவில்லை. எழுதவே இல்லை! அடுத்த ஆண்டு புத்தகம் மறுபதிப்பு வந்தது. பழைய ஆண்டு அப்படியே இருந்தது. தாழ்வாரத்தில் அவரை மறித்தேன்.

“ஏன் மேடம் திருத்தல?”

“அது நீ கண்டுபிடிச்சது. உன் பொருள நான் எதுக்கு எடுக்கணும்? என்ன, பேனா ஓடலையா, மனசு ஓடலையா?”

என் மேசைக்குத் திரும்பிப் போனேன். தவறென்று தெரிந்தே அந்தத் தேதியை ஆறு ஆண்டுகள் உங்களைப் படிக்கவிட்டேன், மாணவர்களே. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன வாரம் ரெமி அவர்கள் சொலாஞ்ச் முடிக்காமல் விட்ட மூன்றாம் தொகுதியை என்னிடம் கொண்டுவந்தார். “எனக்கு இதெல்லாம் புரியாதுங்க. வெத்துத் தாளையும் சேத்துக் குடுங்கன்னு சொன்னா” என்றார். ஓட்மார்வில் சாசனம் வரும் இடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே பென்சிலில் ஒரே வரி: ‘இது ஆர்மெல்லுக்கு.’ இந்தத் தொகுதியை நான் முடிப்பேனா, இல்லை பாரிஸ் குழுவிடம் கொடுத்துவிடலாமா என்று இந்தக் கூட்டத்திலேயே சொல்லும்படி பெர்த்ரான் கேட்டிருக்கிறார்.

ஆறு ஆண்டுகளாக ஏன் எழுதவில்லை? அவர் மேலிருந்த மரியாதையால் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். சைடர் குடித்த அன்றே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆண்டைத் திருத்திவிட்டு அந்த வழக்கை மறுபடி படித்துப் பாருங்கள். எட்டு மாதம் முன்பு இவர்கள் மண்ணைப் படையோடு வந்து பிடித்தவர் அந்த மன்னர். இவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளியவில்லை. பன்றிகளுக்காக அவர் வாசலில் போய் நின்று நியாயம் கேட்டார்கள். வாளால் பிடித்த மண்ணை நாடாக்கியது எது? அந்த வழக்குதான்! சொலாஞ்ச் ஆண்டில் தவறினார், கருத்தில் தவறவில்லை. அவரைத் திருத்தினால் அவர் இன்னும் உயர்ந்துவிடுவார். என் கையாலேயே அவரை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை.

பெர்த்ரான் அவர்களே, தொகுதியைப் பாரிஸுக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதினால் அவர்கள்மேலும் பொறாமைப்பட வேண்டியிருக்கும், இந்த வயதில் எனக்கு அவ்வளவு தெம்பில்லை. பேராசிரியர் சொலாஞ்ச் கெனெலின் வேலையை நான் முடிப்பேன். அவர் தவறு செய்தார் என்ற வரி ஆறு ஆண்டுகளாக என்னிடம் தயாராக இருக்கிறது. அவர் சொன்னதே சரி என்ற அடுத்த வரியைத் திங்கட்கிழமை காலை எழுத உட்காருவேன்.