மக்கியாட்டோவும் ரெண்டு சம்பந்திகளும்

ரொம்ப நேரமா கனமாவே பேசிட்டேன். பின்வரிசையில ரெண்டு பேர் கண்ணை மூடிக் கேக்குறாங்க... அவ்வளவு ஈடுபாடு! அவங்களுக்காக ஒரு சின்னக் கதை சொல்றேன். முடிஞ்சதும் மறுபடி தூங்கிக்கலாம்.

பொள்ளாச்சியில தேங்காய் மண்டி வெச்சிருக்கிற ஆறுச்சாமி. பாளையங்கோட்டையில ரிட்டயர்டு தாசில்தார் நெல்லையப்பன். ஆறுச்சாமி பையன் கிருபாகர், நெல்லையப்பன் பொண்ணு வடிவு, ரெண்டும் கோயம்புத்தூர்ல ஒரே கம்பெனியில வேலை. அப்புறம் என்ன... காதல்தான்!

ரெண்டு அப்பாவுக்கும் பிடிக்கலை. ஒரு வருஷமா இழுபறி. கடைசியில பிள்ளைங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. "உங்க வீடும் வேண்டாம், எங்க வீடும் வேண்டாம். பொதுவா ஒரு இடத்துல நீங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்து பேசுங்க"ன்னு, ஒரு பெரிய மால்ல காபி ஷாப்ல கொண்டுபோய் உக்கார வெச்சிட்டு, கீழ போய் நின்னுக்கிட்டாங்க.

இங்க மேல... ரெண்டு பேரும் அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை. ரெண்டு பேருக்கும் மனசுல ஒரே எண்ணம். என்ன எண்ணம்? 'இந்த ஆளு முன்னாடி நான் பட்டிக்காட்டான் மாதிரி தெரியக்கூடாது!'

கடைப்பொண்ணு வந்து மெனுவை நீட்டுச்சு. ஆறுச்சாமி மேலயிருந்து கீழ வரைக்கும் பாக்குறாரு. காபின்னு ஒரு வார்த்தை இல்லை! ஆனா விடுவாரா? கால்மேல கால் போட்டு,

"ஒரு எஸ்பிரெசோ கொண்டாம்மா. டபுளு!"

ஏன் டபுள்? டபுள்னா டம்ளர் பெருசா இருக்கும்னு ஒரு கணக்கு.

"சர்க்கரை வேணுமா சார்?"

"வேண்டாம், வேண்டாம். தினமும் குடிக்கிறதுதான். எனக்குப் பழக்கம்!"

நெல்லையப்பன் சும்மா இருப்பாரா? தாசில்தாராச்சே! மெனுவுல வாயில நுழையாத பேரா ஒண்ணைப் பாத்து விரலை வெச்சாரு. "எனக்கு எப்பவும் இதான்."

கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு தட்டோட வந்து, நேரா இவரைப் பாத்து, "சார்... மக்கியாட்டோ?"

"யாரைப் பாத்து மக்குங்கே?"

"ஐயோ சார், நீங்க கேட்ட காபி பேரு சார்!"

"ஓ... ஆமா ஆமா. வையி."

வெச்சாச்சு. ரெண்டு கப்பு. நம்ம ஊர்ல குழந்தைக்குச் சங்குல மருந்து புகட்டுவாங்களே... அந்த அளவு! கரேல்னு இருக்கு. இவர் கப்புல மேல ஒரு பொட்டு நுரை. அவர் கப்புல அதுவும் இல்லை.

சரி, பேச்சு ஆரம்பிச்சுது. நெல்லையப்பன் தொண்டையைச் செருமிக்கிட்டு, "எனக்கு ஒரே ஒரு விஷயந்தான் சொல்லணும். கல்யாணத்துக்கப்புறமும் எம்பொண்ணு வேலைக்குப் போவா. அதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" அப்படின்னாரு.

அவர் அதைச் சொல்லவும்... ஆறுச்சாமி முதல் மடக்கு குடிக்கவும்... சரியா இருந்துச்சு!

ஐயா, அந்த மூஞ்சியை நீங்க பாக்கணும்! கண்ணு ஒரு பக்கம் போகுது, மீசை ஒரு பக்கம் போகுது. வேப்பெண்ணெயைக் குடிச்ச மாதிரி உடம்பே ஒரு உலுக்கு உலுக்குது.

நெல்லையப்பன் பாத்தாரு. முகம் செவந்துபோச்சு.

"எம்பொண்ணு வேலைக்குப் போறது உமக்கு அவ்வளவு கசக்குதோ? இதுக்கா அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தேன்?" நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டாரு. கதவை நோக்கி நடக்குறாரு!

இப்ப ஆறுச்சாமி நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உண்மையைச் சொன்னா மானம் போகும். சொல்லலைன்னா? பையன் வாழ்க்கை போகும். ஒரு வருஷமா வீட்ல சரியாச் சாப்பிடாம, அப்பன் மூஞ்சியைப் பாக்காம திரியுற பையன். அவன் நினைப்பு வந்துச்சு மனுஷனுக்கு. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சிட்டாரு.

"ஏனுங்க, நில்லுங்க! உங்க பொண்ணு இல்லீங்க... இந்தக் காபிங்க! கசப்புன்னா கசப்பு, உசுரே போயிருச்சுங்க!"

"தினமும் குடிக்கிறேன்னு சொன்னீரு?"

"பொய்யிங்க! இதை இன்னைக்குத்தான் கண்ணாலயே பாக்கறனுங்க. உங்க பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டுங்க. எங்க மண்டியில கணக்கு வழக்கே எங்க வீட்டம்மாதானுங்க!"

நெல்லையப்பன் அப்படியே நின்னாரு. திரும்பி வந்தாரு. தன் கப்பை எடுத்து ஒரு வாய் குடிச்சாரு. அதே மூஞ்சி! கண்ணு ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம்!

"வே... எனக்கும் இது என்ன எழவுன்னு தெரியாது வே!"

சிரிச்சாங்க பாருங்க... கடையே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, "தாயி, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் என்னன்னு சொல்லு"ன்னு கேட்டாங்க.

"எஸ்பிரெசோன்னா தனி டிகாக்‌ஷன் சார். அதுல வெந்நீர் ஊத்தினா அமெரிக்கானோ. ஒரு சொட்டு பால்நுரை வெச்சா மக்கியாட்டோ. நிறைய பால் ஊத்தினா லாட்டே. பாலும் நுரையும் நிறைய இருந்தா கப்புச்சினோ."

ஆறுச்சாமி வாயைப் பொளந்தாரு. "அடங்கொக்கமக்கா! பாலு கூடக் கொறச்சலுக்கா இத்தனை பேரு?"

ரெண்டு லாட்டே வந்துச்சு. சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிச்சாங்க. அன்னைக்கே தேதியும் குறிச்சாங்க. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். காபி நல்ல காபி!

ஏன் இதைச் சொல்றேன்?

தெரியலைங்கிறது அசிங்கமா, ஐயா? தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கோமே... அதுதான் ஆபத்து! டாக்டர் பேசுறப்ப தலையாட்டுறோம். வெளிய வந்து மருந்துக்கடையில கேக்குறோம், "டாக்டர் என்னங்க சொன்னாரு?" பேங்க்ல காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுறோம். எதுக்குன்னு கேட்டோமா? கேட்டா என்ன ஆகும்? எதிர்ல இருக்கிறவன் கொஞ்சம் சிரிப்பான். சிரிச்சிட்டுப் போகட்டுமே! கேக்காம விட்டா, நம்ம மூஞ்சிக்கு அடுத்தவன் ஒரு அர்த்தம் வெச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவான்.

எனக்கு முன்னாடி பேசின பேராசிரியர் 'கட்டுடைப்பு, கட்டுடைப்பு'ன்னு பதினஞ்சு தடவை சொன்னாரு. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க... யாருக்காவது புரிஞ்சுதா?

ஐயா, பேராசிரியர் ஐயா... கோவிச்சுக்காதீங்க. மைக் இங்கயே இருக்கு. வந்து அது என்னன்னு ஒரு தடவை சொல்லிடுங்க... நான் அப்புறமாப் பேசிக்கிறேன்.